பொன்மணி எக்ஸ்போர்ட்ஸ்

தாயில்பட்டி தெற்குத் தெருவில் ஏட்டு சங்கிலிமுத்து தன் மொபட்டை நிறுத்தியபோது வேலுச்சாமி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்ததால் தெருவில் ஆண்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். போலீஸ் மொபட்டைப் பார்த்ததும் நாலு வீட்டு வாசலில் நாலு தலை எட்டிப் பார்த்தது.

ஏட்டு வந்த காரியம் நல்ல காரியம்தான். வேலுச்சாமியின் மகள் பொன்மணி பெண் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, தாண்டி, எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. உள்ளூர்ப் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, இந்தக் குடும்பத்தின் மேல் வழக்கு வம்பு எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் வேலை உத்தரவு வந்துவிடும். பி.காம். முடித்த பிறகு ஒரு வருடமாக விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஓடி ஓடி அவள் உள்ளங்கால் காய்ப்புக் காய்ச்சிக் கிடந்தது.

ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அய்யம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே வரிசையாகக் கேட்டு எழுதினார். பெயர், வயது, படிப்பு.

"தகப்பனாருக்கு என்ன தொழில்?"

"பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருக்காக சார்" என்றாள் அய்யம்மாள்.

அது நூற்றுக்கு நூறு உண்மை. ஏட்டும் அதையே எழுதத் தொடங்கினார். வேலுச்சாமி அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு வியாதி இருக்கும். வேலுச்சாமிக்கு இருந்தது விசிட்டிங் கார்டு வியாதி. "ஒரு நிமிசம் சார்" என்று உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த கட்டிலிருந்து ஒரு கார்டை உருவிக்கொண்டு வந்து நீட்டினார்.

மூலையில் கப்பல் படம் போட்ட வழவழப்பான கார்டு. 'பொன்மணி எக்ஸ்போர்ட்ஸ், சிவகாசி. உரிமையாளர்: மா. வேலுச்சாமி.'

ஏட்டு கார்டைப் பார்த்தார். பிறகு வேலுச்சாமியின் கிழிந்த பனியனைப் பார்த்தார்.

"ஓனரா நீங்க?"

"ஆமா சார். வெளிநாட்டு ஏவாரம்."

"அப்ப போர்மேன்னு எழுத வேண்டாம்ல?"

"வேண்டாம் சார். ஓனருன்னே எழுதுங்க."

ஏட்டு எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். கார்டைப் பைலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார். மொபட் தெருமுனை திரும்பியதும் பொன்மணி கேட்டாள், "ஏம்ப்பா, அத எதுக்குக் குடுத்தீக?"

"கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைன்னு எழுதுறத விட ஓனர் வீட்டுப் பிள்ளைன்னு எழுதுனா ஒனக்குத்தான தாயி மதிப்பு?"

அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த ஓனர் பட்டம் வேலுச்சாமிக்கு வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பது லட்சுமிகாந்தம் முதலாளியிடம். முதலாளிக்கு ஒரு பெயரில் ஒரே கம்பெனியாக வைத்துக்கொண்டால் வரி அதிகம் என்று எண்ணம். ஆகவே ஒன்று மைத்துனர் பெயரில், ஒன்று கார் டிரைவர் பெயரில் என்று பிரித்து வைத்திருந்தார். அப்படி ஆள் பெயரில் கம்பெனி வைப்பது அந்த வட்டாரத்தில் பலருக்கும் பழகிப்போன சங்கதி. பெயர் கொடுக்கிற ஆளுக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு ஸ்வீட் பாக்ஸ், அப்புறம் ஊரில் கொஞ்சம் மரியாதை. லெட்டர்பேடு, செக்குப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் முதலாளியின் பீரோவில் இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் முதலாளி வேலுச்சாமியைக் கூப்பிட்டு, "ஏலே வேலு, ஒன்னையும் மொதலாளி ஆக்கிறலாம்னு இருக்கேன்" என்றார். மகள் பெயர் என்ன என்று அவரே கேட்டார். "பொன்மணியா? அம்சமான பேரு. அதையே வச்சிருவோம்" என்றார். கருசக்காட்டில் களை வெட்டிய மாரியப்பனின் மகன் வேலுச்சாமிக்கு அதைக் கேட்டு நெஞ்சு விம்மிவிட்டது. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். எழுதியதிலும் போட்டார், எழுதாததிலும் போட்டார். வீட்டுக்கு வரும்போது கையில் இருநூறு கார்டு இருந்தது. கல்யாண வீடு, சடங்கு வீடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஒருத்தர் பாக்கி இல்லாமல் கொடுத்தார். அந்தக் கம்பெனி எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் முதலாளி மனசு கோணுமே என்ற பயம் பாதி, நமக்கு எதற்கு என்ற அலட்சியம் பாதி.

ஏட்டு வந்துபோன பத்தாம் நாள் விருதுநகர் போலீஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. மகளின் வேலை விஷயமாகத்தான் இருக்கும் என்று வேலுச்சாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். பையில் நாலு கார்டும் வைத்திருந்தார்.

அங்கே இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொல்லவில்லை. மேசையில் ஏட்டிடம் கொடுத்த கார்டு கிடந்தது.

"இந்தக் கம்பெனி ஒன்னோடதா?"

"ஆமாங்கய்யா."

"பட்டாசுல போடுற அலுமினியப் பொடிய வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்க. யாருக்கு அனுப்புன?"

"தெரியாதுங்கய்யா."

"எந்த நாட்டுக்கு?"

"தெரியாதுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "இது யாரு கையெழுத்து?"

"என்னதுதாங்கய்யா."

"அது மட்டும் தெரியுது" என்றார் இன்ஸ்பெக்டர். "கேட்டுக்கோ. குண்டு வைக்கிற கூட்டம் எது, அவனுக்குப் பணம் குடுக்கிறவன் யாரு, சாமான் வாங்கிக் குடுக்கிறவன் யாருன்னு ஐ.நா. சபை பேர் பேரா பட்டியல் போட்டு எல்லா நாட்டுக்கும் அனுப்புது. அதுல பேரு ஏறிட்டா எவனும் அவனுக்கு ஒரு பொருளும் விக்கக் கூடாது, ஒரு ரூவா குடுக்கக் கூடாது. மீறிக் குடுத்தா குடுத்தவனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். நம்ம நாட்டுலயும் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஒங்கிட்ட பொடி வாங்குன கம்பெனி மாசி மாசமே பட்டியல்ல ஏறிருச்சு. நீ ஆனி மாசம் ரெண்டு லோடு அனுப்பியிருக்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா. நான் படிக்காதவன்."

"பங்குனியில பேங்க்குல இருந்து ஒனக்கு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. அந்தக் கம்பெனியோட எந்த ஏவாரமும் வைக்காதேன்னு எழுதியிருக்கு. வாங்குனதுக்கு அத்தாட்சி இந்தா." ஒரு சிறு அட்டையை மேசையில் வைத்தார். அதிலும் வேலுச்சாமியின் கோணல் கையெழுத்து இருந்தது.

தபால் வந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உறையில் தன் பெயர் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததைத் தெருவில் மூன்று பேரிடம் காட்டினார். 'குடுங்கப்பா, படிச்சுச் சொல்றேன்' என்று பொன்மணி கை நீட்டினாள். 'கம்பெனிக் காயிதம் ஒனக்கு எதுக்கு' என்று தட்டிவிட்டு நேரே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி பிரித்துப் படித்துவிட்டு, 'பேங்க்காரன் வளக்கமா அனுப்புறதுதாம்லே' என்று பீரோவில் போட்டார்.

இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரு போட்டோவைத் தள்ளினார். எந்த ஊரோ, ஒரு காய்கறிச் சந்தை. தக்காளிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. வரிசையாகத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சில துணிகளின் நீளம் ரொம்பக் குறைவு.

"முப்பத்தொரு பேரு. அந்தக் கூட்டம் வச்ச குண்டு. ஒன் பொடிதான் அதுல இருந்துச்சுன்னு நான் சொல்லல, அத அந்த நாட்டுக்காரன் கண்டுபிடிப்பான். ஆனா அவனுக்கு நீ பொடி குடுத்திருக்க. அதுக்குக் கையெழுத்தும் போட்டிருக்க. ரெண்டு நாள் தாரேன். யாரு சொல்லி அனுப்புனன்னு எழுதிக் கொண்டா. இல்லன்னா நீதான் அனுப்புனன்னு நான் எழுதிக்கிடுவேன்."

வேலுச்சாமிக்கு அந்தப் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூடிய துணிக்குள் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் ஷெட் வெடித்தபோது, கூட வேலை பார்த்த இருளாண்டியின் மனைவி முருகம்மாளைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தவர் அவர். பொடி தவறிப் பற்றினால் மனித உடம்பு என்ன ஆகும் என்று பார்த்தவர். வேண்டுமென்றே பற்ற வைக்கிறவனுக்கு அதைக் கட்டி அனுப்பியது தன் கையெழுத்து.

அப்படியும் இன்ஸ்பெக்டரிடம் முதலாளி பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. நேரே சிவகாசிக்கு பஸ் ஏறினார்.

லட்சுமிகாந்தம் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். அவருக்கு முன்பே தகவல் வந்திருந்தது போலும். மேசை இழுப்பறையிலிருந்து இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார்.

"பயப்படாதலே. இதுல ஒரு கையெழுத்துப் போட்டு அங்கன குடுத்துரு. மதுரையில பெரிய வக்கீலா வச்சுப் பாத்துக்கிடுவோம். ஒம் மக வேலைக்கும் நான் மேல பேசுறேன்."

"மொதலாளி, அந்தத் தபால நான் ஒங்ககிட்டதான குடுத்தேன்?"

"எந்தத் தபாலு?"

"பேங்க் தபாலு."

"கம்பெனி ஒன்னோடது. தபாலு ஒம் பேருக்கு வந்தது. எங்கிட்ட எதுக்குக் குடுக்கப் போற?" என்றார் முதலாளி, கண்ணிமைக்காமல். "பதினெட்டு வருசம் சோறு போட்டவன்லே நான். அத மறந்துறாத."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலுச்சாமி ஊருக்கு வந்தார். அதற்குள் சேதி அவரை முந்திக்கொண்டு வந்திருந்தது. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவரிடம் கார்டு வாங்கிப் பர்ஸில் வைத்திருந்த ஒருவர், யாரிடமும் சொல்லாமல் அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். "ஏ, குண்டு கம்பெனி ஓனரு வாராக, எடம் விடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. டீ வருவதற்குள் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் பொன்மணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பு உறை கிடந்தது. தகப்பனார் மீது விசாரணை நிலுவையில் இருப்பதால் அவளது தேர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது. காரணம் எழுதிய இடத்தில் பொன்மணி எக்ஸ்போர்ட்ஸ் என்று இருந்தது. அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"இங்கன பாருங்கப்பா. எம் பேரு ரெண்டு தடவ இருக்கு. வேலைக்குத் தேறுனதும் பொன்மணி, குண்டுக்காரனுக்குப் பொடி குடுத்ததும் பொன்மணி" என்றாள். "எங்கிட்ட கேக்காம எம் பேர எதுக்குக் குடுத்தீக?"

அய்யம்மாள் அடுப்படியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். வேலுச்சாமி பையிலிருந்து முதலாளி கொடுத்த தாளை எடுத்து மகளிடம் நீட்டினார். இந்த ஒரு காரியத்தை எட்டு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டும்.

அவள் ஒருமுறை தனக்குள் படித்தாள். முகம் சிவந்தது. பிறகு தமிழில் சொன்னாள். வாங்குகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். பேங்க் கடிதத்தைப் படித்தேன். அதை லட்சுமிகாந்தம் அவர்களிடம் மறைத்தேன். ஆசைப்பட்டு நானே லோடு அனுப்பினேன்.

"இப்படியா எழுதியிருக்கு?"

"இப்படித்தான் எழுதியிருக்கு. இதுல போட்டா நீங்க ஜெயிலுக்குப் போவீக. அவரு நாளைக்கே வேற பேர்ல கம்பெனி தொறப்பாரு. அதுக்கும் ஒரு கார்டு அடிப்பாக."

"பதினெட்டு வருசம் தாயி" என்றார் வேலுச்சாமி. அந்தக் கிராதகன் மேல் வந்த ஆத்திரத்தை விடத் தன் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

பொன்மணி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதினாள். யார் சொல்லிப் பெயர் கொடுத்தார், கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள் எந்தப் பீரோவில் இருந்தன, தபாலை யாரிடம் கொடுத்தார் என்று ஒன்று விடவில்லை. கேட்காமல் இருந்தது தன் குற்றம் என்பதையும் அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். வேலுச்சாமி கையெழுத்துப் போட்டார். தன் ஆயுளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் படித்தார். முதலாளி டைப் அடித்துக் கொடுத்த தாளையும் வாங்கிக்கொண்டார். "அவரு மேலயும் வழக்கு போகும். ஒம் மேலயும் போகும். நான் தெரியாமப் போட்டேன்னு கோர்ட்டுல சொல்லிக்கோ, நம்புனா விடுவாக" என்றார்.

"எம் மகளுக்கு வேலை?"

"இந்தத் தடவை முடிஞ்சு போச்சுய்யா. வழக்கு தீந்த பெறகு வயசு இருந்தா மறுபடி எழுதச் சொல்லு." அவர் அடுத்த பைலை எடுத்துக்கொண்டார்.

வேலுச்சாமி அங்கிருந்து கம்பெனிக்குப் போனார். தன் தூக்குவாளியையும் மாற்று உடுப்பையும் எடுத்துக்கொண்டு கணக்கு முடித்துவிடலாம் என்று போனவருக்கு வாசலிலேயே சந்தன வாசம் அடித்தது. சீசன் தொடக்கப் பூஜை. ஆபீஸ் வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நடுவில் புது வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு இருளாண்டி உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கட்டுத் தாள். பக்கத்தில் மஞ்சள் தடவிய புது போர்டு: 'முருகம்மாள் டிரேடர்ஸ்'.

செத்துப்போனவள் பெயரில் கம்பெனி. இருளாண்டியின் கண் கலங்கியிருந்தது. தன் மனைவிக்கு முதலாளி செய்கிற பெரிய மரியாதை என்று அவன் நினைத்திருந்தான். கையில் பேனாவைப் பிடித்தும்விட்டான்.

"இருளா, பேனாவக் கீள வையி" என்றார் வேலுச்சாமி.

லட்சுமிகாந்தம் திரும்பினார். "ஒனக்கு இங்க என்னலே வேலை? வெளிய போ."

"போகத்தான் வந்தேன். சொல்லிட்டுப் போறேன்." வேலுச்சாமி இருளாண்டியின் பக்கம் திரும்பினார். "இருளா, இந்தப் போர்டு என்ன விக்கப் போகுது, கேட்டியா? யாருக்கு விக்கப் போகுது, கேட்டியா? நான் கேக்கல. எம் மக பேர்ல போன பொடி, சந்தையில குண்டு வைக்கிற கூட்டத்துக்குப் போயிருக்கு. அவனுக்கு ஒலகத்துல எவனும் ஒரு துரும்பும் குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டிருக்காக. அந்தத் தடைய ஒடைச்சது எங் கையெழுத்து. எம் மக ஒரு வருசம் ஓடுன ஓட்டம் மண்ணாப் போச்சு. அது போகட்டும், ஒரு பிள்ளையோட வேலைதான். அங்கன முப்பத்தொரு உசுரு போயிருக்கு."

"கிறுக்குப் பிடிச்சவன் பேசுறான். நீ போடுலே" என்றார் முதலாளி இருளாண்டியிடம்.

"ஒம் பொண்டாட்டிய இந்தக் கையிலதான் தூக்குனேன்" என்றார் வேலுச்சாமி, கையை நீட்டி. "அவள எரிச்சது என்னன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே பொடிய அவ பேரச் சொல்லி எவனுக்கோ அனுப்பப் போறாக. தெரியாதுன்னு சொன்னா நாம தப்பிச்சிர முடியாது இருளா. நம்ம பேரச் சொல்லி ஒரு பொருள் போனா, அது யாரு கைக்குப் போகுதுன்னு கேக்க வேண்டியது நம்ம வேலை. கேக்காம கையெழுத்துப் போட்டவனும் குண்டு வச்சவனுக்குக் கூட்டாளிதான். நான் கூட்டாளி. நீயும் ஆகாத."

பூஜைத் தட்டில் கற்பூரம் எரிந்து தணிந்தது. இருளாண்டி போர்டில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதலாளி பக்கம் திரும்பினான்.

"மொதலாளி, இது யாருக்குப் போகுது?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்குலே? காட்டுற எடத்துல போடு."

இருளாண்டி பேனாவை மூடித் தாள் கட்டின் மேல் வைத்தான். எழுந்து, மஞ்சள் காயாத அந்தப் போர்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"முருகம்மா பேரு எனக்கு வேணும் மொதலாளி. நீங்க ஒங்க பேரையே போட்டுக்கோங்க" என்றான்.